நான்காம் ஆண்டு மருத்துவ மாணவர்களுக்கு மனிதக் கடத்தல் பாடம்: மூன்று மணி நேரத்தில் எதைச் சொல்லிக் கொடுப்பது?

தஞ்சோங்_டியூட்டர் (பினாங்கு)

வணக்கம். நான்காம் ஆண்டு மாணவர்கள் அவசரப் பிரிவுக்கும் மகப்பேறு வார்டுக்கும் போஸ்டிங் போவதற்கு முன்னால் மூன்று மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். மனிதக் கடத்தலுக்கு ஆளானவர்களை அடையாளம் காண்பதும் அவர்களுக்குத் துணை நிற்பதும்தான் தலைப்பு. மொத்தம் 32 பேர், எட்டெட்டுப் பேராக நாலு குழு. நோயாளியாக நடிக்க இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்க பட்ஜெட் உண்டு.

கையில் இருக்கும் ஸ்லைடுகள் அமெரிக்காவிலிருந்து வந்தவை. கழுத்தில் பச்சை குத்திய பெண், நெடுஞ்சாலை மோட்டல், பக்கத்தில் அவளை விற்கிறவன். அங்கே அது நடப்பதுதான், தப்பில்லை. ஆனால் பாயான் லெப்பாஸ் ஆலை விடுதியிலிருந்து வருகிற நேப்பாளிப் பையனையோ, அடுக்குமாடி வீட்டிலிருந்து வருகிற இந்தோனேசியப் பணிப்பெண்ணையோ இதை வைத்து எந்த மாணவனும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது: எந்த அடையாளங்களைச் சொல்லித் தருவது, எதை விடுவது? கூட வந்த ஆளை எப்படி வெளியே அனுப்புவது? நோயாளி வாய் திறந்துவிட்டால் மாணவன் அடுத்து என்ன செய்ய வேண்டும்? கடைசியாக, இதற்கு எப்படிப் பரீட்சை வைப்பது? அனுபவம் உள்ளவர்கள் நேரடியாகச் செய்முறையைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

அவசரப்பிரிவு_கேஎல்

டியூட்டர் சார், முதல் பத்து நிமிஷத்தை அந்தச் சொல்லுக்கே கொடுங்கள். தமிழில் 'கடத்தல்' என்றதும் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போவதுதான் மனசில் வரும், இல்லாவிட்டால் தங்கம். மாணவர்களும் கயிற்றுத் தழும்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். மலாயில் 'பெமெர்டகாங்கான் ஓராங்' என்கிறார்கள். வணிகம் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மலேசியாவின் 2007-ஆம் ஆண்டு மனிதக் கடத்தல் தடுப்புச் சட்டம், அதாவது சட்டம் 670, கேட்பதும் ஆளைச் சுரண்டினார்களா என்றுதான். ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோனதை நிரூபிக்க வேண்டியதில்லை. 'நானா ஒத்துக்கிட்டுத்தான் வந்தேன்' என்று அவர் சொன்னாலும் சுரண்டியவனுக்கு அது சாக்கு ஆகாது. ஐ.நா.வின் 2000-ஆம் ஆண்டு பலெர்மோ நெறிமுறைப்படி 18 வயதுக்குக் கீழே என்றால் மிரட்டினார்களா, ஏமாற்றினார்களா என்ற கேள்வியே எழாது.

எல்லையைத் திருட்டுத்தனமாகத் தாண்ட உதவுவது தனிக் குற்றம். 2010 திருத்தத்தில் அதுவும் இதே சட்டத்துக்குள் வந்ததால் ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒருவர் படகில் ஒளிந்து வந்து நல்ல தவுக்கேயிடம் (முதலாளியிடம்) நிம்மதியாக இருக்கலாம். இன்னொருவர் முறையான வேலை பெர்மிட்டில் விமானம் ஏறி வந்து மாட்டிக்கொண்டிருக்கலாம். 'பெர்மிட் இருக்கு, அப்ப பிரச்சினை இல்ல' என்பதுதான் மாணவர்கள் செய்கிற முதல் தப்பு.

அடையாளங்களுக்கு வருவோம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ. கட்டாய உழைப்புக்குப் பதினோரு குறிகள் வைத்திருக்கிறது: பலவீனமான நிலையைப் பயன்படுத்திக்கொள்வது, ஏமாற்று, நடமாட்டத் தடை, தனிமைப்படுத்தல், உடல் அல்லது பாலியல் வன்முறை, மிரட்டல், அடையாளப் பத்திரங்களைப் பிடித்து வைப்பது, சம்பளத்தைப் பிடித்து வைப்பது, கடன் பிணை, மோசமான வேலை மற்றும் தங்குமிடம், அளவு மீறிய ஓவர்டைம். இந்தப் பதினொன்றையும் பலகையில் எழுதிவிட்டு, 'இதில் எத்தனையை ஸ்டெதஸ்கோப் வைத்துக் கண்டுபிடிப்பாய்?' என்று கேளுங்கள். ஒன்றோ ரெண்டோ தேறும். மிச்சம் எல்லாம் கேட்டால்தான் வரும். இது மண்டையில் ஏறிவிட்டால் பாடத்தில் பாதி முடிந்த மாதிரி.

ஆனாலும் எந்த மாதிரி ஆட்கள் நம் முன்னால் வந்து உட்காருகிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். ஐந்து நாள் பழைய, சீழ் வைத்த கைக்காயம். 'ஏன் முன்னாடியே வரல' என்றால் பதில் இல்லை. கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்க வேண்டியிருப்பதால் தண்ணீரே குடிக்காமல் இருந்து, திரும்பத் திரும்பச் சிறுநீர்த் தொற்றோடு வருகிற ஆலைப் பெண். கையுறை இல்லாமல் குளோரின் கலந்து துடைத்ததில் முழங்கை வரை வெந்த தோல். இஸ்திரிப் பெட்டி வடிவத்தில் சூட்டுத் தழும்பு, மடங்கித் தடித்த காது, இரத்தசோகை, இளைத்த உடம்பு. வீட்டுப் பணிப்பெண் என்றால் இந்த நாலும் சேர்ந்து வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 2018 பிப்ரவரியில் புக்கிட் மெர்தாஜாமில் ஓர் இந்தோனேசியப் பணிப்பெண் மீட்கப்பட்டு மறுநாளே மருத்துவமனையில் இறந்ததை மாணவர்கள் செய்தியில் படித்திருப்பார்கள். அவ்வளவு முற்றிய பிறகு அடையாளம் காண மருத்துவப் படிப்பு தேவையில்லை. அதற்கு ஆறு மாதம் முன்னால் ஒருவர் கிளினிக்குக்கு வந்தால் எப்படி இருப்பார் என்பதுதான் பாடம்.

இன்னும் ரெண்டு. மாதக்கணக்கில் கடலில் தீட்டிய வெள்ளை அரிசியும் கருவாடும் மட்டும் தின்ற படகுத் தொழிலாளி கால் வீங்கி, மூச்சு வாங்கி வந்தால் பெரிபெரி, அதாவது தயமின் (வைட்டமின் பி1) குறைபாடு என்று நினைக்க வேண்டும். பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் தயமின் ஏற்ற வேண்டும். அடுத்தது, நம் நாட்டுப் பிள்ளைகளே கம்போடியா, மியன்மாரில் உள்ள இணைய மோசடிக் கூடாரங்களில் அகப்பட்டுத் திரும்புகிறார்கள். மின்சாரம் வைத்த தீப்புண், தூக்கமின்மை, யாரையும் நம்பாத பார்வை. நல்ல மலாய், நல்ல ஆங்கிலம், கையில் நீல ஐசி (மலேசியக் குடிமக்களின் அடையாள அட்டை). ஆகவே 'வெளிநாட்டுத் தொழிலாளி' என்ற சட்டகத்துக்குள் மட்டும் பாடத்தை அடைத்துவிடாதீர்கள்.

கூட வந்தவரை வெளியே அனுப்புவது: வாதாடக் கூடாது, 'ஏன் நீங்க இருக்கணும்?' என்று முறைக்கவும் கூடாது. அவர் வெறும் அறைத்தோழராகவும் இருக்கலாம். எல்லா நோயாளிக்கும் பொதுவான ஒரு காரணத்தைச் சொல்ல வேண்டும். 'எக்ஸ்ரே அறைக்குள்ள நோயாளி மட்டும்தான்', 'சிறுநீர் எடுக்கணும்', 'நீங்க கவுண்டர்ல பதிவை முடிச்சிட்டு வந்துடுங்க'. எக்ஸ்ரேயில் இன்னொரு லாபம்: போனையும் வெளியே வைக்கச் சொல்லலாம். முதலாளியோடு லைனைத் திறந்து வைத்துவிட்டுப் பாக்கெட்டில் போட்டு அனுப்புவது உண்டு. எதற்கும் அசையாமல் நிற்கிறாரா, விட்டுவிடுங்கள். 'ரெண்டு நாள்ல கட்டு மாத்த வரணும்' என்று தேதி கொடுங்கள். அடுத்த தடவை வேறு ஆள் கூட வரலாம், தனியாகவே வரலாம்.

தனியானதும் கேட்க வேண்டியவை ஐந்து போதும். காயத்தில் தொடங்கி வேலைக்குப் போக வேண்டும். 'வேலை எத்தனை மணிக்கு ஆரம்பிச்சு எத்தனை மணிக்கு முடியும்?' 'கடைசியா லீவு என்னைக்கு?' 'பாஸ்போர்ட் யார் கையில? கேட்டா குடுப்பாங்களா?' 'இங்க வர்றதுக்கு எவ்வளவு கடன், இன்னும் எவ்வளவு பாக்கி?' ஐந்தாவதுதான் முக்கியம்: 'நாளைக்கு இந்த வேலைய விட்டுட்டா என்ன ஆகும்?' அதற்கு வருகிற பதில், பதில் வருவதற்கு முந்தைய மௌனம், ரெண்டையும் கவனிக்கச் சொல்லுங்கள்.

பதிலை எடைபோட மாணவனிடம் சில எண்கள் இருக்க வேண்டும். 2023 ஜனவரியிலிருந்து வழக்கமான வேலை நேரம் வாரத்துக்கு 45 மணிக்கு மேல் கூடாது. ஓவர்டைம் மாதத்துக்கு 104 மணி நேரத்துக்கு மேல் கூடாது. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட், ஆனால் வீட்டுப் பணியாளர்களுக்கு அது கிடையாது. இன்னொருவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது 1966 கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். 'பத்திரத்துக்கு ஆபீஸ்ல வச்சிருக்கோம்' என்பது வழக்கமான பதில். கேட்ட அன்றே கையில் கிடைக்கிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

காப்பகப்பணி_பிஜே

டாக்டர் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் 'கண்டுபிடிச்சு ரிப்போர்ட் பண்ணு' என்று பாடத்தை முடித்துவிட்டால் நோயாளிக்குத்தான் கேடு. ரிப்போர்ட் பண்ணின பிறகு என்ன நடக்கும் என்று தெரியாத மாணவன் அதை நோயாளிக்கு விளக்கவும் முடியாது. அந்த வரைபடத்தை ஒரு பக்கத்தில் போட்டுக் கொடுங்கள்.

சட்டம் 670-இன்படி இதில் அதிகாரம் உள்ளவர்கள் ஐந்து தரப்பு: போலீஸ், குடிநுழைவு, சுங்கம், கடல்சார் அமலாக்கம், தொழிலாளர் துறை. ஒருவர் பாதிக்கப்பட்டவராக இருக்கலாம் என்று அதிகாரி கருதினால் மாஜிஸ்திரேட்டிடம் 21 நாள் இடைக்காலப் பாதுகாப்பு ஆணை வாங்குவார். விசாரணையில் உறுதியானால் அடுத்தது பாதுகாப்பு ஆணை: வெளிநாட்டவருக்கு மூன்று மாதம் வரை, குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இரண்டு வருஷம் வரை, மாஜிஸ்திரேட் நீட்டிக்கலாம். அந்தக் காலத்தில் அவர் காப்பகத்தில் இருப்பார். 2015 திருத்தம் வெளியே போகவும் வேலை பார்க்கவும் வழி வைத்தது, ஆனால் அனுமதி வாங்க வேண்டும். பாதுகாப்பு என்று நாம் சொல்வதை, வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவர் பூட்டு என்றே எடுத்துக்கொள்ளலாம். அதனால்தான் பலர் வேண்டாம் என்கிறார்கள். அவர்களுக்கு விவரம் போதாது என்று மாணவன் நினைத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொரு பக்கம், இதே சட்டத்தின் 25-ஆம் பிரிவு, கடத்தலுக்கு ஆளானவர்மேல் கள்ளத்தனமாக நுழைந்ததற்கும் தங்கியதற்கும் போலிப் பத்திரம் வைத்திருந்ததற்கும் வழக்குப் போடக் கூடாது என்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு, அவர் 'ஆளானவர்' என்று அதிகாரி ஏற்றுக்கொண்டால்தான். ஏற்காவிட்டால் அவர் வெறும் ஆவணமில்லாதவர். இதோடு 2001-இல் வந்த சுகாதார அமைச்சுச் சுற்றறிக்கையையும் சேர்த்துப் பாருங்கள்: அரசு மருத்துவமனைக்கோ கிளினிக்குக்கோ ஆவணமில்லாத வெளிநாட்டவர் வந்தால் தெரிவிக்க வேண்டும் என்பது அது. கொங்சியில் (கட்டுமானத் தொழிலாளர் குடியிருப்பில்) உள்ளவர்களுக்குச் சுற்றறிக்கை எண் தெரியாது, ஆனால் 'ஆஸ்பத்திரிக்குப் போனா பிடிச்சிடுவாங்க' என்பது நன்றாகவே தெரியும். காயம் ஐந்து நாள் பழையதாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே மாணவன் வாயில் வரக் கூடாத மூன்று வாக்கியங்கள்: 'பயப்படாதீங்க, உங்களைக் காப்பாத்திடுவோம்.' 'இமிகிரேசன் ஒண்ணும் பண்ண மாட்டாங்க.' 'நீங்க சொல்றது யாருக்கும் தெரியாது.' மூன்றுக்கும் அவனால் உத்தரவாதம் தர முடியாது. மூன்றாவதற்குப் பதிலாக, கேள்வி கேட்கத் தொடங்குவதற்கு முன்பே, எதை ரகசியமாக வைக்க முடியும், எதை முடியாது என்று சொல்லிவிட வேண்டும். சொல்வதா வேண்டாமா என்று நோயாளி அதை வைத்து முடிவெடுப்பார்.

சிறுவர் என்றால் கணக்கே வேறு. 2001 சிறார் சட்டம் 27-ஆம் பிரிவின்படி துன்புறுத்தல் சந்தேகம் வந்தாலே மருத்துவர் பாதுகாவல் அதிகாரிக்கு, அதாவது சமூக நல இலாகாவுக்கு, உடனே தெரிவித்தாக வேண்டும். அங்கே பிள்ளையின் சம்மதத்துக்கோ கூட வந்தவரின் சம்மதத்துக்கோ காத்திருக்க முடியாது. மாணவன் தானே போன் போடக் கூடாது. மேலே உள்ள மருத்துவ அதிகாரியிடம் சொல்ல வேண்டும். சொன்ன நேரத்தையும் யாரிடம் சொன்னான் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

பெரியவர் என்றால்: சிகிச்சை முதலில். பாலியல் வன்முறை இருந்தால் அவசரப் பிரிவின் ஓ.எஸ்.சி.சி. (ஒரே இட நெருக்கடி மையம்) வழியாகப் போகலாம், 1994-இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கி நாடு முழுக்க வந்த ஏற்பாடு அது, ஒரே அறையில் டாக்டர், சமூகப்பணியாளர், போலீஸ் எல்லாரும் வருவார்கள். 72 மணி நேரம் என்ற எண்ணை மறக்கக் கூடாது: எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை அதற்குள் தொடங்கி 28 நாள் கொடுக்க வேண்டும், அவசரக் கருத்தடை மாத்திரையான லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எந்த மருந்தாக இருந்தாலும் 'அடுத்த வாரம் வாங்க' என்பதை நம்பி எழுதாதீர்கள். முழுக் கோர்ஸையும் அன்றே கையில் கொடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு வேளை மருந்து கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். வேலைக்கு நடுவில் நாலு வேளை மாத்திரை சாப்பிட விட மாட்டார்கள்.

தொடர்பு எண்: அரசின் உதவி லைனான தாலியான் காசே 15999, நாள் முழுக்க. தெனகானித்தா போன்ற அமைப்புகள் கிள்ளான் பள்ளத்தாக்கில் பல வருஷமாக இந்த வேலையில் இருக்கின்றன. பினாங்கில் வன்முறைக்கு ஆளான பெண்களுக்குப் பெண்கள் மாற்ற மையம் உண்டு. ஆனால் எண்ணைச் சீட்டில் எழுதிப் பாக்கெட்டில் வைத்து அனுப்பாதீர்கள். விடுதியில் பாக்கெட்டைத் துழாவுவார்கள். 15999-ஐ வாயால் ரெண்டு தடவை திருப்பிச் சொல்ல வைத்தால் மனசில் நிற்கும். மற்றது தேவைப்பட்டால் அட்டைக்குப் பதிலாக மருந்து உறையின் ஓரத்தில் பதிவு எண் மாதிரி எழுதலாம். அதுவும் அவரைக் கேட்ட பிறகு.

ஒஸ்கி_பைத்தியம்

பரீட்சை பற்றிக் கேட்டீர்கள். எழுத்துத் தேர்வு வைத்தால் பதினோரு குறிகளை ஒப்பிப்பார்கள், அவ்வளவுதான். ஒஸ்கி (நடிகரை நோயாளியாக வைத்து நடத்தும் செய்முறைத் தேர்வு) நிலையம் ஒன்று போடுங்கள்: வாசிக்க 2 நிமிஷம், உள்ளே 8 நிமிஷம். இரண்டு நடிகர் இருக்கிறார்களே, ஒருவர் நோயாளி, ஒருவர் மண்டோர் (மேற்பார்வையாளர்).

கதவில் ஒட்டும் தாள்: 'ஆண், 24 வயது, உணவகத் தொழிலாளி. இடது கையில் காயம், 5 நாள். வரலாறு கேட்டு, அடுத்த நடவடிக்கையை நோயாளியோடு பேசி முடிவு செய்க.' கடத்தல் என்ற சொல்லே அதில் வரக் கூடாது. மண்டோர் முதல் ஒன்றரை நிமிஷம் எல்லாக் கேள்விக்கும் தானே பதில் சொல்லுவார். பொதுக் காரணம் சொன்னால் போய்விடுவார். 'வெளிய போங்க' என்று விரட்டினால் அசைய மாட்டார். மாணவன் எதுவுமே முயலாவிட்டால் கடைசி வரை உள்ளேயே நிற்பார். நோயாளி கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுவார். ஆறாவது நிமிஷத்தில், மாணவன் எவ்வளவு அருமையாகப் பேசியிருந்தாலும், 'வேணாம் டாக்டர், மருந்து மட்டும் குடுங்க' என்பார். இந்த வரிதான் நிலையத்தின் முதுகெலும்பு. உண்மையை வரவழைப்பது மாணவன் வேலை இல்லை. வேண்டாம் என்றவரை மரியாதையாக விட்டு, திரும்பி வர ஒரு வாசலை வைத்திருக்கிறானா என்றுதான் பார்க்கிறோம்.

மதிப்பெண் 20. தனிமை உண்டாக்கியதற்கு 4. ரகசியத்தின் எல்லையை முன்கூட்டியே சொன்னதற்கு 3. வேலை, சம்பளம், பாஸ்போர்ட், கடன் பற்றித் துருவாமல் கேட்டதற்கு 5. மறுப்பை ஏற்றுக்கொண்ட விதத்துக்கு 3. பாதுகாப்பான அடுத்த சந்திப்புக்கும் மருந்துக்கும் 3. குறிப்பு எழுதியதற்கு 2. காயத்தைச் சும்மா விடக் கூடாது: சீழ் வைத்த ஐந்து நாள் காயத்தைத் தைக்கப் போனால் மருந்து மதிப்பெண் போச்சு; சுத்தம் செய்து திறந்தே விட்டு, டெட்டனஸ் ஊசி கேட்க வேண்டும். மண்டோர் முன்னிலையில் 'உங்களை அடிக்கிறாங்களா?' என்று கேட்டாலோ, கேட்காமல் தொட்டாலோ, காப்பாற்றுகிறேன் என்று சத்தியம் செய்தாலோ மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் தேர்ச்சி கிடையாது என்று வையுங்கள்.

நடிகர் விஷயத்தில் ஒன்று. உண்மையிலேயே கடத்தலுக்கு ஆளாகி மீண்டவரை நோயாளியாக நடிக்க வைக்காதீர்கள். 32 மாணவர் முன்னால் 32 தடவை அதே காட்சி, அவருக்குப் பெரிய கொடுமை. மேடையில் நிறுத்திக் கதை கேட்பதும் அப்படித்தான். அவர்களிடம் ஸ்கிரிப்டைக் கொடுத்து 'எது பொய்யா இருக்கு?' என்று கேட்டு, அந்த நேரத்துக்கு ஆலோசகர் சம்பளம் கொடுங்கள். டீயும் பிஸ்கட்டும் சம்பளம் ஆகாது லா.

மூன்று மணி நேரத்தை முதல் 40 நிமிஷம் எல்லாருக்கும் பாடம், அடுத்த 100 நிமிஷம் குழுக் குழுவாகப் பயிற்சி, கடைசி 40 நிமிஷம் பேச்சு என்று பிரிக்கலாம். ஒரு நடிகர் ஜோடிதான் என்பதால் ஒரு குழுவுக்கு 25 நிமிஷம். அதற்குள் இரண்டு மாணவர் செய்வார்கள், ஆறு பேர் பார்ப்பார்கள். எல்லாரும் செய்ய வேண்டும் என்று இழுத்தால் யாருக்கும் கருத்துச் சொல்ல நேரம் இருக்காது. நடிகருக்குக் காத்திருக்கும் மற்ற மூன்று குழுவுக்கும் குறிப்பு எழுதும் பயிற்சி.

செந்தூல்_ஸ்டாஃப்நர்ஸ்

மொழிபெயர்ப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நோயாளி தமிழ்நாட்டுக்காரர் என்றால் வார்டில் எல்லாரும் தமிழ் மாணவனைத்தான் கூப்பிடுவார்கள். உணவகம், முடிதிருத்தும் கடை, துணிக்கடை, நகைப்பட்டறை என்று அவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள்; சுற்றுலா விசாவில் வந்து தங்கிவிட்டவர்களும் உண்டு. நம் தமிழ் என்பதால் எல்லாம் புரிந்துவிடும் என்ற மிதப்பு வேண்டாம். நாம் 'பெர்மிட்', 'லெவி' என்றால் அவருக்கு விளங்காமல் இருக்கலாம். அவர் 'ஏஜெண்டுக்கு ஒன்றரை கட்டினேன்' என்றால் ஒன்றரை லட்சம் ரூபாய் என்று நமக்குத் தெரிய வேண்டும்.

கடனைக் கேட்கும்போது 'எவ்வளவு?' என்பதோடு நிற்காமல் 'வட்டிக்கா? நகை வச்சா? யார் பேர்ல?' என்று கேட்கச் சொல்லுங்கள். கடன் மனைவி பேரிலோ அக்கா பேரிலோ இருந்தால், இங்கே வேலையை விட்ட அன்றே அங்கே வாசலில் ஆள் வந்து நிற்பான். அடிக்காமலே ஒருவரைக் கட்டிப்போடும் கயிறு இது. நம் முன்னோரைக் கொண்டு வந்த கங்காணி முறையிலும் கப்பல் ஏறும் முன்பே கணக்கு எழுத ஆரம்பித்துவிட்டார்கள். அது 1938-இல் நின்றது, கணக்கு எழுதுகிற வழக்கம் நிற்கவில்லை. தமிழ் மாணவர்களுக்கு இதைச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. 'அண்ணே', 'தம்பி' என்று கூப்பிட்டுப் பேசினால் நோயாளிக்கு மனசு இளகும், நல்லதுதான். ஆனால் அவர் முதலாளியும் தமிழர், அதே கோயிலுக்கு வருகிறவர், மாணவனின் மாமாவுக்குத் தெரிந்தவராகக்கூட இருக்கலாம். நோயாளி அதைத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். ஆகவே தமிழ் மாணவன் முதலில் கேட்க வேண்டியது: 'நான் தமிழ்ல பேசுறது உங்களுக்குச் சரியா, இல்ல வேற யாரையாவது போன்ல பேச வைக்கட்டுமா?' போனில் மொழிபெயர்ப்பவருக்கு நோயாளியின் பேர், கடை பேர் சொல்ல வேண்டாம்.

வங்காளம், நேப்பாளி, பர்மியம் என்றால் துப்புரவுத் தொழிலாளியைக் கூப்பிட்டு 'கொஞ்சம் கேளுப்பா' என்பது பல இடத்தில் வழக்கம். வலி எங்கே என்று கேட்க அது போதும். மேலே டாக்டர் சொன்ன ஐந்து கேள்விக்கு அது ஆகாது. ரெண்டு பேரும் ஒரே ஏஜெண்ட் கீழே இருக்கலாம். சொல்லப் போனால் அந்தத் துப்புரவுத் தொழிலாளியிடமே யாராவது அந்த ஐந்து கேள்வியையும் கேட்டிருக்கிறார்களா என்பது வேறு விஷயம்.

தஞ்சோங்_டியூட்டர் (பினாங்கு)

எல்லாருக்கும் மிக்க நன்றி. இரண்டு சந்தேகம் மிச்சம். ஒன்று, வெளிநாட்டுத் தொழிலாளி என்று வருகிற எல்லாருக்கும் ஒரு கேள்வித்தாள் கொடுத்துச் சலித்துவிடலாமே என்று எங்கள் துறையில் ஒரு யோசனை. இரண்டு, ஹவுஸ்மேன் (பயிற்சி மருத்துவர்) ஆனதும் ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிஷம்தான். இதில் எது நிஜமாகவே ஒட்டும்? குறிப்பு எழுதுவதைப் பற்றியும் அக்கா, டாக்டர் யாராவது கொஞ்சம் விளக்கினால் நல்லது.

அவசரப்பிரிவு_கேஎல்

கேள்வித்தாள் வேண்டாம். கூட வந்தவர் பக்கத்தில் இருக்க, 'உன் பாஸ்போர்ட் உன்னிடம் உள்ளதா, ஆம், இல்லை' என்று டிக் அடிக்கச் சொன்னால் எல்லாரும் 'ஆம்' என்றுதான் அடிப்பார்கள். அந்த 'ஆம்' ஃபைலில் உட்கார்ந்துகொண்டு பிற்பாடு வழக்கு வந்தால் அவருக்கே எதிராக நிற்கும். ஒரே ஒரு டிக் போதும், அதுவும் டாக்டர் போடுவது: 'தனியாகப் பார்க்கப்பட்டார்: ஆம், இல்லை'. ஐந்து நிமிஷ ஹவுஸ்மேனுக்கு ஒட்ட வேண்டியதும் இதுதான். பாடம் வேலை செய்ததா என்று பார்க்க, ஆறு மாதம் கழித்து ஃபைல்களை எடுத்து அந்த டிக் எத்தனையில் விழுந்திருக்கிறது என்று எண்ணுங்கள். வகுப்புக்கு முன்னும் பின்னும் வைக்கிற வினாடி வினாவில் எல்லாருக்கும் மதிப்பெண் ஏறத்தான் செய்யும், அதை நம்பாதீர்கள்.

குறிப்பு எழுதுவது: அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே, மேற்கோள் குறிக்குள். 'சூப்பர்வைசர் இரும்புக் குழாயால் அடித்ததாகக் கூறினார்' என்று எழுதுங்கள். 'அடித்ததாகக் குற்றஞ்சாட்டுகிறார்' என்று எழுதினால் நாமே சந்தேகப்படுகிற மாதிரி இருக்கும். 'மனிதக் கடத்தலுக்கு ஆளானவர்' என்ற தீர்ப்பையும் எழுத வேண்டாம், அது நீதிமன்றத்தின் வேலை. காயத்தை உடல் படத்தில் குறித்து, நீளத்தையும் நிறத்தையும் எழுதி, சம்மதம் வாங்கிப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். மருத்துவமனைக் கேமராவில்தான், சொந்தப் போனில் கூடாது.

மாணவர்களுக்குத் தெரியாத இடம் இது: தாள் யார் கைக்குப் போகிறது? ஃபைல் மருத்துவமனையில் இருக்கும். ஆனால் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) முதலாளி கைக்குப் போகும். ஜி.எல். (செலவை ஏற்கும் உத்தரவாதக் கடிதம்) கொடுத்த கொம்பெனி மருத்துவ அறிக்கை கேட்கும். டிஸ்சார்ஜ் சுருக்கத்தைக் கூட வந்தவர்தான் வாங்கிக்கொண்டு போவார். அடுத்த சந்திப்புக்கான எஸ்.எம்.எஸ். பதிவில் உள்ள எண்ணுக்குப் போகும், பாதி நேரம் அது ஏஜெண்டின் எண். ஆகவே எம்.சி.யில் 'கைக்காயம், 4 நாள்' என்பதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். வேலையிடத்தில் பட்ட காயம் என்றால் பெர்கேசோ (தொழிலாளர் காப்புறுதி) விவரத்தையும் சொல்லுங்கள். 2019 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் அது உண்டு, பலருக்குத் தங்கள் பேரில் சந்தா கட்டப்படுகிறது என்பதே தெரியாது.

அந்த 40 நிமிஷப் பேச்சில் இதற்கு ஒரு பயிற்சி வையுங்கள். ஒரே நோயாளிக்கு மூன்று வெற்றுத் தாள்: ஃபைல் குறிப்பு, டிஸ்சார்ஜ் சுருக்கம், எம்.சி. மூன்றையும் எழுதி முடித்ததும், மண்டோராக நடித்தவர் உள்ளே வந்து கடைசி இரண்டையும் வாங்கிச் சத்தமாக வாசிக்கட்டும்.

தஞ்சோங்_டியூட்டர் (பினாங்கு)

அதையே வைக்கிறேன் டாக்டர். 'தனியாகப் பார்க்கப்பட்டார்' டிக்கை அவசரப் பிரிவுப் படிவத்தில் சேர்க்க விண்ணப்பம் எழுத ஆரம்பித்துவிட்டேன். ஸ்கிரிப்ட் தயாரானதும் காப்பகப்பணி அக்காவுக்கு அனுப்பலாமா? வாசிக்கிற நேரத்துக்குச் சம்பளம் உண்டு, பிஸ்கட் இல்லை.

காப்பகப்பணி_பிஜே

அனுப்புங்க சார். இப்போதே ஒரு திருத்தம்: உங்கள் ஸ்கிரிப்டில் நோயாளி ஆண் என்பதால் பாலியல் வன்முறை பற்றிய பகுதியை எடுத்துவிடாதீர்கள். விடுதியிலும் படகிலும் ஆண்களுக்கும் நடக்கிறது, யாரும் கேட்பதில்லை. நோயாளியாக நடிப்பவருக்கு ஒரு வரி கூடுதலாக எழுதுங்கள்: 'ராத்திரி தூங்க விட மாட்டாங்க.' மாணவன் அதைக் கேட்டுவிட்டு 'ஓ.டி. அதிகமா?' என்று தாண்டிப் போகிறானா, கொஞ்சம் நின்று 'யாரு?' என்று கேட்கிறானா என்று பாருங்கள்.